பழைய காரில் அரித்துப்போன பிரேக் குழாய்: அறிகுறி வாரியாகச் சோதனையும் மாற்றமும்

பழைய கார்களில் உள்ள இரும்பு பிரேக் குழாயின் வெளி விட்டம் பெரும்பாலும் 4.75 மி.மீ.; பட்டறைப் பேச்சில் ஒன்றரை நூல். அதன் சுவரின் கனம் ஏறத்தாழ 0.7 மி.மீ. மட்டுமே. அவசரமாகப் பெடலை மிதிக்கும்போது இந்த மெல்லிய சுவர் 100 பார் அளவுக்கு அழுத்தத்தைத் தாங்கியாக வேண்டும். துரு அந்தச் சுவரில் பாதியைத் தின்றுவிட்ட பிறகும், நிதானமாக ஓட்டும் நாட்களில் எந்தக் குறையும் தெரியாது. முழு பலத்தோடு மிதிக்க நேரும் நாளில்தான் குழாய் வெடிக்கும். அதனால் இந்த வேலையைத் தள்ளிப்போடக் கூடாது. அதே சமயம், காரணத்தைக் கண்டறியாமல் கழற்றவும் கூடாது. கீழே ஒவ்வோர் அறிகுறிக்கும் எதை முதலில் பார்ப்பது, எதை மாற்றுவது, மாற்றிய பின் வரும் கோளாறுகளை எப்படித் தீர்ப்பது என்று எழுதியிருக்கிறேன்.

காரைச் சமதளத்தில் நிறுத்தி, தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, ஜாக்கியால் தூக்கிய பின் ஸ்டாண்டுகளின் மேல் அமர்த்த வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் காரின் அடியில் படுக்கக் கூடாது. துருத் தூளும் பிரேக் ஆயிலும் கண்ணில் விழும் வேலை என்பதால் கண்ணாடி அவசியம். நாம் பிரேக் ஆயில் என்று சொன்னாலும் பெரும்பாலான கார்களில் இருப்பது கிளைகால் வகைத் திரவம்; அது காரின் பெயின்ட்டை உரித்துவிடும், தண்ணீரில் கரையும். எனவே பக்கத்தில் ஒரு வாளி தண்ணீரும் துணியும் இருக்கட்டும். எங்கே சிந்தினாலும் உடனே கழுவிவிட வேண்டும்.

பெடலை மிதித்துப் பிடித்தால் மெல்லக் கீழே இறங்குகிறது

இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, ஆயில் வெளியே கசிகிறது. மற்றொன்று, மாஸ்டர் சிலிண்டருக்குள் (பெடலை மிதித்ததும் ஆயிலைக் குழாய்களுக்குள் தள்ளும் உருளை) இருக்கும் ரப்பர் சீல் தேய்ந்து, ஆயில் உள்ளுக்குள்ளேயே சீலைத் தாண்டிப் போகிறது. ஆயில் டப்பாவின் மட்டத்தைக் குறித்துவைத்து, இரண்டொரு நாளில் மீண்டும் பாருங்கள். மட்டம் குறையாமல் பெடல் மட்டும் இறங்கினால் மாஸ்டர் சிலிண்டரைச் சந்தேகிக்க வேண்டும்; அந்நிலையில் குழாய்களை மாற்றுவதால் பயன் இல்லை.

மட்டம் குறைந்தால் ஈரத்தைத் தேட வேண்டும். டயரின் உட்புறச் சுவரிலும் டிரம்மின் பின் தகட்டிலும் ஈரம் இருந்தால் வீல் சிலிண்டர் (டிரம்முக்குள் பிரேக் ஷூக்களைத் தள்ளும் சிறு உருளை) கசிகிறது. காருக்குள் பெடலின் மேற்புறமோ அதன் கீழ் விரிப்போ நனைந்திருந்தால் மாஸ்டர் சிலிண்டரின் பின் சீல் போயிருக்கலாம். எங்குமே ஈரம் இல்லாமல் மட்டம் மட்டும் குறைகிற ஒரு நிலையும் உண்டு: வேக்கம் பூஸ்டர் (இன்ஜினின் உறிஞ்சு விசையால் பெடல் மிதிக்குப் பலம் கூட்டும் பாகம்) உள்ள கார்களில், அதே பின் சீல் வழியாக ஆயில் பூஸ்டருக்குள் இழுக்கப்பட்டு இன்ஜினுக்குப் போகும்; புகைபோக்கியில் வெள்ளைப் புகை அதற்கு ஓர் அடையாளம். இவை எதுவும் இல்லையென்றால் குழாயின் முழு நீளத்தையும் விரலால் தடவிப் பார்க்க வேண்டும். பிரேக் ஆயில் விரலில் வழவழப்பாக இருக்கும், தண்ணீர் பட்டதும் கழுவிக்கொண்டு போய்விடும்; இன்ஜின் ஆயில் அப்படிப் போகாது.

ஒரு குழப்பத்தை இங்கேயே தெளிவாக்கிவிடுகிறேன். இன்ஜினை அணைத்துவிட்டுப் பெடலைப் பலமுறை மிதித்து, கடைசி மிதியில் பிடித்தபடியே இன்ஜினைக் கிளப்பினால் பெடல் சற்று இறங்கி நிற்கும். பூஸ்டர் சரியாக வேலை செய்வதன் அடையாளம் அது, கோளாறு அல்ல. அதன் பிறகும் நிற்காமல் இறங்கிக்கொண்டே போவதுதான் கோளாறு.

பெடல் திடீரென்று பாதிக்கு மேல் இறங்கி, அதன் பின் பிடிக்கிறது

இரட்டைச் சுற்று (தனித்தனியான இரண்டு ஆயில் வழிகள்) கொண்ட பிரேக்கில் ஒரு சுற்று முழுவதும் அறுந்துவிட்டால் இப்படி நேரும். மீதமுள்ள சுற்று காரை நிறுத்தும், ஆனால் நிறுத்தும் தூரம் மிகவும் கூடிவிடும். இந்த நிலையில் காரை ஓட்டிக்கொண்டு வீட்டுக்கோ பட்டறைக்கோ போக நினைக்காதீர்கள். இழுத்துக்கொண்டுதான் போக வேண்டும். கசிந்த இடம் பொதுவாகப் பளிச்சென்று தெரியும். ஒருவர் பெடலை மிதிக்க, மற்றவர் பக்கவாட்டில் தள்ளி நின்று பார்த்தால் ஆயில் பீச்சுவதைக் காணலாம்.

கசிவு இல்லை, ஆனால் குழாயில் துரு தெரிகிறது

எல்லோரும் தடுமாறும் இடம் இதுதான். மேற்பரப்பில் செம்மண் நிறத்தில் ஒரு படலம் மட்டும் இருந்து, துணியால் துடைத்ததும் வழவழப்பான இரும்பு தெரிந்தால், துடைத்து, பாதுகாப்பு கிரீஸ் தடவிவிட்டு, அடிக்கடி பார்த்துவரலாம். விரல் நகம் தடுக்கும் அளவுக்குக் குழி விழுந்திருந்தாலோ, செதில் செதிலாக உரிந்தாலோ, குழாய் ஓரிடத்தில் தடித்துத் தெரிந்தாலோ மாற்றிவிட வேண்டும். கம்பி பிரஷால் அழுத்தித் தேய்த்துச் சோதிப்பதை நான் ஏற்கமாட்டேன். மிச்சமிருக்கும் சுவரையும் அது சுரண்டிவிடும்.

கண்ணுக்குத் தெரியும் நீளத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். குழாயைப் பிடித்திருக்கும் கிளிப்புகளின் உள்ளே, பெட்ரோல் டாங்கின் மேற்புறம், பின் அச்சின் மேல், சேறு அடையும் சக்கர வளைவின் உட்புறம் ஆகிய இடங்களில்தான் அரிப்பு முதலில் வேரூன்றும். நான் கழற்றிய ஒரு பின்புறக் குழாய் கண்ணுக்குப் புத்தம் புதிது போல இருந்தது. பச்சைப் பிளாஸ்டிக் பூச்சில் ஒரு கீறல்கூட இல்லை. கிளிப்பை நெம்பி எடுத்ததும், அது பிடித்திருந்த ஓர் அங்குல நீளம் மட்டும் பக்கத்துப் பகுதியைவிடப் பருத்திருந்தது. கட்டை விரல் நகத்தால் அந்த இடத்தை அழுத்தியபோது பூச்சு முட்டை ஓடு போல உடைந்தது. உள்ளிருந்து ஈரமான பழுப்புத் தூள் உள்ளங்கையில் உதிர்ந்தது. அந்தத் தூளைத் துடைத்த பிறகு எஞ்சியிருந்த குழாய், பேனா ரீஃபில் அளவுக்குத்தான் இருந்தது. கீறல் வழியாக மட்டுமின்றி, கிளிப்பின் அதிர்வு பூச்சைத் தேய்த்த இடத்தின் வழியாகவும் ஈரம் உள்ளே போய்த் தங்குகிறது என்பதை அன்று நேரில் பார்த்தேன். அன்றிலிருந்து எந்தக் காரைச் சோதித்தாலும் ஒவ்வொரு கிளிப்பையும் திறந்தே பார்க்கிறேன்.

ஒரு பக்கக் குழாய் போய்விட்டால் மறுபக்கத்துக் குழாயையும் சேர்த்து மாற்றுவது நல்லது. இரண்டும் ஒரே வயது, ஒரே ஈரத்தைக் கண்டவை. அரித்த துண்டை மட்டும் வெட்டி நடுவில் ஒட்டுப் போடுவதும் உண்டு. ஃபிளேர் செய்த (அதாவது, விரித்து வடிவமைத்த) முனைகளும் அதற்குரிய இணைப்பானும் இருந்தால் அது தாங்கும். ஆயினும் ஒட்டுக்கு இரண்டு அங்குலம் தள்ளி அடுத்த துளை விழும் வாய்ப்பு இருப்பதால், இணைப்பிலிருந்து இணைப்பு வரை முழு நீளத்தையும் மாற்றுவதே என் பழக்கம். குழாயின் மேல் வளையத்தை நசுக்கிப் பிடிக்கும் கம்ப்ரெஷன் இணைப்புகளைப் பிரேக்கில் ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது. அவை இந்த அழுத்தத்துக்கு உரியவை அல்ல.

நட் திரும்பவில்லை, அல்லது குழாயும் சேர்ந்து முறுகுகிறது

சாதாரண ஸ்பேனர் இந்த நட்டின் இரண்டு பக்கங்களை மட்டுமே பிடிக்கும். மென்மையான நட் உடனே உருண்டுவிடும். குழாய் நுழைவதற்கு ஒரு வாய் திறந்த, மற்ற பக்கங்களையெல்லாம் பற்றிக்கொள்ளும் பிரேக் பைப் ஸ்பேனர் வேண்டும். 10 மி.மீ., 11 மி.மீ. ஆகிய இரு அளவுகள் பெரும்பாலான கார்களுக்குப் போதும். முந்தைய நாள் இரவே மரையைச் சுற்றி அழுக்கைத் துடைத்து, ஊடுருவும் எண்ணெய் விட்டு ஊறவைத்தால் மறுநாள் பாதி வேலை முடிந்திருக்கும்.

திறக்கும் திசையில் மட்டும் இழுக்காமல், முதலில் ஒரு மயிரிழை இறுக்கும் பக்கமாக அசைத்து, பிறகு திறக்க வேண்டும். துருவின் பிடி உடைவது அந்த முன்பின் அசைவில்தான். ரப்பர் ஹோஸோடு (வளைந்துகொடுக்கும் ரப்பர் குழாய்) சேரும் இடத்தில் ஹோஸின் அறுகோணத்தை இன்னொரு ஸ்பேனரால் பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் ஹோஸ் முறுகி உள்ளே கிழிந்துவிடும். எப்படியும் எறியப்போகும் குழாய் என்றால் தயங்காமல் நட்டின் ஓரமாகக் குழாயை வெட்டிவிடுங்கள். வெட்டியதும் ஆறு முக சாக்கெட் முழுமையாக உட்காரும். ஸ்பேனருக்கு அசையாத நட் அநேகமாக இதற்கு இணங்கிவிடும். சூடுபடுத்துவது கடைசி வழி. பிரேக் ஆயில் தீப்பிடிக்கும், ரப்பர் உருகும். எனவே ஹோஸையும் வீல் சிலிண்டரையும் கழற்றி எடுக்க முடியாத இடத்தில் நெருப்பைக் கொண்டுபோக வேண்டாம். அங்கே அந்தப் பாகத்தையே சேர்த்து மாற்றிவிடுவது மலிவு.

குழாயைத் திறப்பதற்கு முன் செய்ய வேண்டிய சிறு வேலை ஒன்று உண்டு. ஒரு குச்சியை முட்டுக் கொடுத்துப் பெடலை நாலைந்து சென்டிமீட்டர் அழுத்தியபடியே நிறுத்திவிட்டால், மாஸ்டர் சிலிண்டரின் சீல்கள் ஆயில் டப்பாவிலிருந்து வரும் துளைகளைத் தாண்டி நின்று அவற்றை அடைத்துவிடும். டப்பா காலியாகாது, மாஸ்டர் சிலிண்டருக்குள் காற்றும் புகாது. பிரேக் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும் என்பதால் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட வேண்டும்.

புதிய நட் இரண்டு சுற்றுக்கு மேல் ஏறவில்லை

மேலும் பலம் கொடுக்காமல் நிறுத்துங்கள். மில்லிமீட்டர் கணக்கிலான எம்10 மரையும், அங்குலக் கணக்கிலான 3/8 மரையும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். முதலாவது 10 மி.மீ. விட்டமும் 1 மி.மீ. இடைவெளியும் உடையது, இரண்டாவதன் விட்டம் 9.5 மி.மீ., ஓர் அங்குலத்துக்கு 24 மரைகள். தவறான நட் சில சுற்று ஏறி இறுகியது போலக் காட்டும், அல்லது தொளதொளவென்று உள்ளே போகும். இரண்டிலும் கெடுவது மாஸ்டர் சிலிண்டரின் மரை. பழைய நட்டை எறியாமல் வைத்திருந்து புதியதோடு மரைக்கு மரை பொருத்திப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். எல்லா நட்டையும் முதலில் விரலாலேயே முழுவதும் ஏற்ற வேண்டும். இதற்காகவே, கிளிப்புகளில் குழாயை மாட்டுவதற்கு முன் இரு முனைகளையும் விரலால் ஏற்றிவிடுவேன். குழாய் தளர்வாக இருக்கும்போது முனை நேராக நுழையும்.

குழாயின் உலோகத்தைப் பற்றியும் ஒரு சொல். வீட்டில் செய்பவருக்கு நான் பரிந்துரைப்பது செம்பு-நிக்கல் கலவைக் குழாய். வோல்வோ நிறுவனம் 1976 முதல் தன் கார்களில் இதைப் பயன்படுத்தத் தொடங்கியது. துருப்பிடிக்காது, கையாலேயே வளையும், ஃபிளேர் சுத்தமாக வரும். தனிச் செம்புக் குழாய் இதைவிட இளக்கமானது என்றாலும், அதிர்வில் இறுகிப் பின் விரிசல் விடும் குணம் உடையது; அதைத் தவிர்ப்பேன்.

புதிய இணைப்பில் ஈரம் கசிகிறது

இந்த வேலையின் பிழைகளில் பெரும்பகுதி இங்கேதான். முதலில் நினைவில் கொள்ள வேண்டியது: பிரேக் இணைப்பில் ஆயிலை அடைப்பது மரை அல்ல. குழாய் முனையில் விரித்த ஃபிளேர், எதிரே உள்ள இருக்கையில் உலோகத்தோடு உலோகமாக அழுந்தி அடைக்கிறது. நட் அதைத் தள்ளிப் பிடிக்க மட்டுமே. எனவே மரையில் டெஃப்லான் டேப் சுற்றுவதோ பசை தடவுவதோ கசிவை நிறுத்தாது. பிய்ந்த டேப் உள்ளே போய் வால்வை அடைக்கத்தான் செய்யும்.

ஈரம் கண்டால் முதலில் நட்டை ஒருமுறை தளர்த்தி மீண்டும் இறுக்குங்கள். புதிய ஃபிளேர் இருக்கையில் படிய இது சில சமயம் போதும். இந்த நட்டுகளுக்கு உரிய முறுக்கு விசை பொதுவாக 12 முதல் 18 நியூட்டன் மீட்டர் வரைதான். சிறிய ஸ்பேனரில் மணிக்கட்டின் பலம் என்று கொள்ளலாம். அதற்கும் நிற்காவிட்டால் இன்னும் இறுக்காமல் கழற்றி முனையைப் பாருங்கள்.

இரண்டு வகை ஃபிளேர்கள் வழக்கத்தில் உள்ளன. ஒன்று, குழாய் முனையை விரித்து உள்ளே மடித்த, புனல் போன்ற இரட்டை ஃபிளேர். அதற்கு எதிரே உள்ள துளையின் அடியில் ஒரு கூம்பு மேல்நோக்கி நிற்கும். மற்றொன்று காளான் குடை போலப் புறம் உப்பிய குமிழ் ஃபிளேர்; அதற்குத் துளையின் அடி உட்குழிந்திருக்கும். டார்ச் அடித்துத் துளைக்குள் பார்த்தால் எது வேண்டும் என்பது தெரிந்துவிடும். ஒன்றின் இடத்தில் மற்றொன்றைப் போட்டால் எத்தனை இறுக்கினாலும் கசியும். ஒரே குழாயின் இரு முனைகளிலும் வெவ்வேறு வகை வரும் கார்களும் உண்டு என்பதால், கழற்றிய பழைய குழாயின் இரு முனைகளையும் தனித்தனியே பார்த்துக்கொள்ள வேண்டும்.

வகை சரியாக இருந்தும் கசிந்தால் காரணம் ஃபிளேர் செய்த விதத்தில் இருக்கும். ஃபிளேரின் விளிம்பில் ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் குறுகலாகவும் இருந்தால் குழாய் சாய்வாக வெட்டப்பட்டிருக்கிறது. ஹேக்ஸா பிளேடால் வெட்டினால் இது நேரும். சிறிய உருளைக் கட்டரைக் குழாயைச் சுற்றிச் சுற்றி, ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சமாக இறுக்கி வெட்ட வேண்டும். விளிம்பில் மயிரிழை போல விரிசல் தெரிந்தால், வெட்டிய பின் உட்புறப் பிசிறை நீக்காமல் விரித்திருக்கிறோம். உட்புறப் பிசிறையும் வெளி விளிம்பையும் நீக்கி, பிளாஸ்டிக் பூச்சு இருந்தால் டை (ஃபிளேர் கருவியில் குழாயைப் பற்றும் அச்சு) பிடிக்கும் நீளத்துக்கு அதைச் சுரண்டி எடுத்து, ஒரு சொட்டு பிரேக் ஆயில் தொட்டு, அதன் பிறகே முனையை விரிக்கும் பன்ச்சை இறக்க வேண்டும். ஃபிளேரில் நீளவாக்கில் கீறல் இருந்தால் டைக்குள் குழாய் வழுக்கியிருக்கிறது. டையைச் சுத்தம் செய்து, மேலும் இறுக்கிப் பிடிக்க வேண்டும். கோணலான ஃபிளேரைத் தட்டி நிமிர்த்த முயல வேண்டாம். வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாகச் செய்யுங்கள். இதற்காகவே குழாயை அளக்கும்போது, பழைய குழாயின் வளைவுகளின் மேல் ஒரு கயிற்றை ஓட்டி அளந்து, அதற்கு மேல் ஒரு சாண் கூடுதலாக விட்டு வெட்டுவது நல்லது. இரண்டாவது முனையை விரிப்பதற்கு முன் இரண்டு நட்டுகளும் குழாயில் கோக்கப்பட்டுவிட்டனவா, அவற்றின் முகம் சரியான பக்கம் பார்க்கிறதா என்பதை ஒருமுறை கண்ணால் உறுதிப்படுத்துங்கள். குழாயை மாட்டுவதற்கு முன் உள்ளே காற்றை ஊதி, வெட்டிய தூளை வெளியேற்றுவதும் மறக்கக் கூடாதது.

காற்று எடுத்த பிறகும் பெடல் மெத்தென்று இருக்கிறது

காற்று எடுப்பது என்றால் குழாய்க்குள் புகுந்த காற்றை ஆயிலோடு வெளியேற்றுவது. முதல் சந்தேகம் மிச்சக் காற்று. பொதுவாக மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவில் உள்ள சக்கரத்தில் தொடங்கி அருகில் உள்ளதில் முடிக்க வேண்டும். குறுக்குச் சுற்று (ஒரு முன் சக்கரமும் எதிர்ப்பக்கப் பின் சக்கரமும் ஒரே சுற்றில்) அமைந்த கார்களில் வரிசை வேறு என்பதால் அந்தக் காரின் கையேடு சொல்லும் வரிசையே சரி. நிப்பிளில் (சக்கரத்தருகே காற்றை வெளியேற்றத் திறக்கும் சிறு திருகு) தெளிவான டியூப் மாட்டி, அதன் மறுமுனை ஜாடியில் உள்ள ஆயிலுக்குள் மூழ்கியிருக்க வேண்டும். ஒருவர் பெடலை அழுத்திப் பிடிக்க, மற்றவர் நிப்பிளைத் திறந்து, மூடிய பிறகே பெடலை விட வேண்டும். வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்தால் தவறு வராது. டப்பா காலியாகிவிட்டால் முழு வேலையையும் மீண்டும் தொடங்க வேண்டியிருக்கும்.

பெடலைத் தரைவரை மிதிக்காதீர்கள் என்பதை அழுத்திச் சொல்கிறேன். பழைய மாஸ்டர் சிலிண்டரில் தினசரி ஓட்டம் எட்டாத கடைசிப் பகுதியில் துருவும் அழுக்கும் படிந்திருக்கும்; சீல் அங்கே போய் வந்தால் அதன் விளிம்பு கிழியும். குழாய் மாற்றிய மறுநாள் பெடல் மெல்ல இறங்கத் தொடங்கினால் காரணம் பெரும்பாலும் இதுதான். பெடலின் கீழ் ஒரு மரக்கட்டையை வைத்துவிட்டால் இது நேராது.

காற்று இல்லை என்று உறுதியான பின்னும் பெடல் கீழேயே பிடித்தால், பின் டிரம்களின் ஷூ இடைவெளியைப் பாருங்கள். ஷூக்கள் விலகியிருந்தால் பெடலின் முதல் பாதி வீணாகும். கேலிப்பரைக் (டிஸ்க் பிரேக்கின் பிடிப்பான்) கழற்றி மாட்டியிருந்தால் இடம் வலம் மாறியிருக்கலாம். நிப்பிள் கீழே வந்துவிட்டால் காற்று மேலேயே தங்கிவிடும். மிதிக்கும்போது ரப்பர் ஹோஸ் உப்புகிறதா என்பதையும் கையால் தொட்டுப் பாருங்கள். ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள காரில் அதன் வால்வு அறைக்குள் காற்று புகுந்திருந்தால், அதைத் திறந்து மூடும் கருவி இல்லாமல் முழுமையாக எடுப்பது கடினம். அங்கே பட்டறைக்குப் போவதே சரி.

ஆயிலின் வகை டப்பா மூடியில் எழுதியிருக்கும். டாட் 3, டாட் 4 இரண்டும் கிளைகால் வகை. ஈரம் படியாத டாட் 4-இன் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ், ஈரம் உறிஞ்சிய பின் 155 டிகிரி. திறந்து பல மாதம் வைத்திருந்த புட்டியை ஊற்றக் கூடாததற்கு இந்த வித்தியாசமே காரணம். டாட் 5 சிலிக்கோன் வகை. இவற்றோடு கலக்கக் கூடாது.

பிரேக் ஒரு பக்கம் இழுக்கிறது, அல்லது ஒரு சக்கரம் விடாமல் பிடிக்கிறது

இதில் இரும்புக் குழாயின் பங்கு குறைவு. வளைக்கும்போது குழாய் எங்காவது நசுங்கியிருக்கிறதா என்று பாருங்கள்; நசுங்கியிருந்தால் அதை மாற்ற வேண்டும். மற்றபடி உட்புறம் வீங்கி அடைத்த பழைய ரப்பர் ஹோஸ்தான் ஆயில் திரும்பி வரவிடாமல் சக்கரத்தைப் பிடித்துவைக்கும். அந்தச் சக்கரத்தின் நிப்பிளைத் திறந்ததும் பிடி விட்டால் ஹோஸையும் அதற்கு மேலே உள்ள வழியையும் சந்தேகிக்கலாம். திறந்தும் விடாவிட்டால் கேலிப்பர் பிஸ்டன் இறுகியிருக்கிறது.

சாலைக்கு எடுக்கும் முன்

குழாய் பழைய பாதையிலேயே, எல்லாக் கிளிப்புகளிலும் அமர்ந்திருக்க வேண்டும். மாஸ்டர் சிலிண்டர் அருகே பழைய குழாயில் ஒரு சுருள் இருந்தால் புதியதிலும் அதைச் செய்யுங்கள். அதிர்வை வாங்கிக்கொள்வது அந்தச் சுருள். ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுவதும் திருப்பியும், பின் அச்சை ஏற்றி இறக்கியும், குழாயோ ஹோஸோ எதிலும் உரசவில்லை என்று பார்க்க வேண்டும். புகைபோக்கிக்கு அருகில் போகவும் கூடாது.

பிறகு ஒவ்வோர் இணைப்பையும் உலரத் துடைத்து, இன்ஜின் ஓடும் நிலையில் ஒருவர் பெடலை முழு பலத்தோடு ஒரு நிமிடம் அழுத்திப் பிடிக்கட்டும். மற்றவர் ஒவ்வொரு நட்டையும் சுற்றி வெள்ளை டிஷ்யூ தாளால் ஒற்றிப் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத ஈரமும் தாளில் புள்ளியாகத் தெரியும். ஒரு புள்ளி தெரிந்தாலும் கார் ஸ்டாண்டிலிருந்து இறங்கக் கூடாது. தாள் உலர்ந்தே இருந்தால், ஆள் இல்லாத சமதளத்தில் நடை வேகத்தில் பலமுறை நிறுத்திப் பார்த்து, பின் வேகத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டலாம். மறுநாள் காலை, காரைக் கிளப்பும் முன், அதே இணைப்புகளைப் புதிய தாளால் மீண்டும் ஒற்றிப் பார்த்து, டப்பாவில் ஆயில் மட்டம் முந்தைய நாள் குறித்த கோட்டிலேயே நிற்கிறதா என்று சரிபார்க்க வேண்டும்.